அந்தக் கறுப்புக்குள் ஒரு பச்சைத் திரை

காதில் முத்து தொங்க, தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்கும் அந்த டச்சுப் பெண்ணைப் பார்க்காதவர்கள் குறைவு. காபிக் கடைச் சுவர், செல்போன் உறை, துணிப்பை, ஓவிய வகுப்பு என்று எங்கே பார்த்தாலும் இருக்கிறாள். நெற்றியை இறுக்கிச் சுற்றிய நீலத் துணி, அதன் உச்சியிலிருந்து முதுகுப் பக்கம் விழும் மஞ்சள் துணி, லேசாகத் திறந்த வாய், ஈரமான உதடு. சுற்றிலும் கறுப்பு.

'முத்துக் காதணி அணிந்த பெண்' என்ற இந்தப் படத்தை விளக்குகிறவர்கள் பெரும்பாலும் அந்தக் கறுப்பில்தான் ஆரம்பிப்பார்கள். கறுப்பு என்றால் வெறுமை, காலம் இல்லாத இடம், அவள் எந்த வீட்டையும் ஊரையும் சேர்ந்தவள் இல்லை, இருட்டிலிருந்து ஒரு நினைவு போல எழுந்து வருகிறாள் என்றெல்லாம். படிக்க நன்றாக இருக்கும். நானும் பல வருஷம் அப்படியே நம்பி, கேட்டவர்களுக்கெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆனால் இதை வரைந்த 17-ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் யோஹான்னஸ் வெர்மீர் அங்கே வரைந்தது பச்சைத் திரை. பளபளப்பான கரும்பச்சை, மடிப்பு மடிப்பாகத் தொங்கும் துணி.

இது யாரோ ஊகித்துச் சொன்னது இல்லை. படம் இருப்பது நெதர்லாந்தின் ஹேக் நகரத்தில், மவுரிட்ஸ்ஹாயிஸ் அருங்காட்சியகத்தில். 2018-இல் அங்கேயே கண்ணாடி அறை ஒன்றைக் கட்டி, வருகிறவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, இரண்டு வாரம் இரவும் பகலுமாக இந்தப் படத்தை ஆராய்ந்தார்கள். ஆபி வான்டிவியர் என்ற ஓவியப் பாதுகாப்பு நிபுணர் தலைமையில் நடந்த வேலை அது. படத்தைத் தொடாமலே எக்ஸ்-கதிரால் ஸ்கேன் செய்து எந்த இடத்தில் ஈயம், எந்த இடத்தில் பாதரசம், எங்கே இரும்பு என்று வரைபடம் போட்டார்கள், நுண்ணோக்கியில் ஒவ்வொரு துளியாகப் பார்த்தார்கள். 2020-இல் முடிவுகள் வெளிவந்தன. பின்னணியில் ஏதோ பச்சைப் பூச்சு இருந்திருக்கிறது என்பது 1990களிலேயே தெரிந்திருந்தது. அது சும்மா பச்சை இல்லை, மடிப்புள்ள திரை என்பது இப்போதுதான் தெரிந்தது. வலது மேல் மூலையில் சாய்வாக ஓடும் மடிப்புக் கோடுகள் இன்னும் பூச்சுக்குள் இருக்கின்றன, வெறும் கண்ணுக்கு மட்டும் தெரிவதில்லை.

சரி, பச்சை எப்படிக் கறுப்பானது? வெர்மீர் முதலில் கருமையான அடிப்பூச்சு ஒன்றைக் கொடுத்துவிட்டு, அதன்மேல் கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும் மெல்லிய பச்சைப் பூச்சைப் போட்டார். அந்தப் பச்சைக்கு அவர் கலந்தது இரண்டு செடிச் சாயங்கள்: ஒன்று நம் ஊரில் அவுரியிலிருந்து எடுக்கும் அதே நீலம், இன்னொன்று ஐரோப்பாவில் வெல்ட் என்ற செடியிலிருந்து எடுக்கும் மஞ்சள். இந்த மஞ்சள் வெளிச்சம் பட்டால் நிற்காது. மஞ்சள் தண்ணீரில் நனைத்த துணியைக் கொடியில் போட்டு நாலு வெயில் பட்டதும் என்ன ஆகும் என்று நம் வீட்டில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை, அதேதான் இங்கே 350 வருஷமாக மெதுவாக நடந்திருக்கிறது. மஞ்சள் போய், நீலமும் மங்கி, அடியில் இருந்த கருமை மட்டும் மிஞ்சிவிட்டது. ஆம்ஸ்டர்டாமில் இருக்கும் அவருடைய 'சின்னத் தெரு' என்ற ஓவியத்திலும் இலைகள் விசித்திரமான நீலமாக இருக்கும். அதற்கும் காரணம் இப்படி ஓடிப்போன மஞ்சள்தான்.

அதனால்தான், ஒரு படத்தில் நிறத்துக்கு அர்த்தம் சொல்ல உட்காரும் முன்னால், அது என்ன சாயம், வரைந்த அன்று எப்படி இருந்தது, இன்றைக்கு என்னவாக மாறியிருக்கிறது என்று கேட்டாக வேண்டும் என்கிறேன். இல்லையென்றால் ஓவியர் நினைக்கவே நினைக்காத ஒரு கறுப்புக்கு நாம் தத்துவம் எழுதிக்கொண்டிருப்போம்.

வெர்மீருக்கே இது இரண்டாவது தடவை நடந்திருக்கிறது. ஜெர்மனியின் டிரெஸ்டனில் அவருடைய இன்னொரு படம், ஜன்னல் ஓரம் நின்று கடிதம் படிக்கும் பெண். அவளுக்குப் பின்னால் வெற்றுச் சுவர். அந்தச் சுவரின் மௌனத்தைப் பற்றி, அவளுடைய தனிமையைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. சுவரின் பூச்சுக்கு அடியில் காதல் தெய்வமான குழந்தை மன்மதனின் படம் ஒன்று மறைந்திருப்பது 1979-இல் எக்ஸ்-ரேயில் தெரிந்தது, ஆனால் வெர்மீரே மனசு மாறி அழித்துவிட்டார் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். பிற்பாடு பூச்சை ஆராய்ந்தபோது, அதை மறைத்தது வேறு ஒருவர், அதுவும் வெர்மீர் இறந்து பல காலம் கழித்து என்று தெரிய, மேல்பூச்சைப் பொறுமையாகச் சுரண்டி எடுத்தார்கள். 2021-இல் முழுப் படமும் காட்சிக்கு வந்தது. கீழே கிடக்கும் முகமூடிகளை மிதித்துக்கொண்டு மன்மதன் நிற்கிறான்: பொய்வேஷத்தை மிதிக்கும் உண்மைக் காதல். மௌனச் சுவர் இருந்த இடத்தில் இப்போது அவள் கையிலிருப்பது காதல் கடிதம்தான் என்று பச்சையாகச் சொல்லும் சின்னம்.

முத்துப் பெண்ணுக்குத் திரும்புவோம். இவளுக்கு அப்படிச் சுரண்டி எடுக்கவும் வழியில்லை. மேலே யாரும் எதையும் பூசவில்லை, இருந்தது போய்விட்டது, அவ்வளவுதான். அந்தப் பச்சையைக் கணினியில் மீட்டுப் பார்க்கலாம், படத்தில் மீட்க முடியாது.

பச்சைத் திரை என்று தெரிந்தால் என்ன மாறுகிறது? முதலில், அவளுக்கு ஒரு இடம் கிடைக்கிறது. திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள் என்றால் அறை இருக்கிறது, ஜன்னல் இருக்கிறது, இடதுபக்கத்திலிருந்து வெளிச்சம் வருகிறது. இரண்டாவது, நிறங்களின் கணக்கே மாறுகிறது. இன்றைக்கு நாம் பார்ப்பது கறுப்பின்மேல் வெட்டி ஒட்டியது போன்ற நீலமும் மஞ்சளும். அன்றைக்கு அந்த நீலத்துக்கும் மஞ்சளுக்கும் பின்னால், அவை இரண்டும் கலந்தால் வரும் பச்சை நின்றது. எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் படம் கொஞ்சம் சூடாகிறது, வீட்டுக்குள் வந்துவிடுகிறது.

அடுத்து நீலம். தலையில் சுற்றியிருக்கும் அந்த நீலம் அல்ட்ராமரைன். லாபிஸ் லாசுலி என்ற நீலக்கல்லைப் பொடித்து எடுப்பது, கல் வருவது ஆப்கானிஸ்தானத்து மலைகளிலிருந்து. கடலுக்கு அப்பாலிருந்து வந்தது என்பதுதான் அந்தப் பெயருக்கே அர்த்தம். சும்மா கல்லை இடித்தால் நீலம் வராது, சாம்பல் பொடிதான் கிடைக்கும். பொடியை மெழுகும் பிசினும் எண்ணெயும் சேர்த்து மாவு மாதிரி பிசைந்து, காரநீரில் திரும்பத் திரும்பக் கசக்கினால் நீலம் மட்டும் பிரிந்து அடியில் படியும். தங்கத்தோடு போட்டி போடும் விலை அதற்கு. இத்தாலியில் மாதா படங்களில் மேலாடைக்கு இதைத்தான் பூசினார்கள், எவ்வளவு தர வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிய கொடையாளர்கள் உண்டு.

இதை வைத்துத்தான் இந்தப் பெண்ணின் நீலம் கன்னி மரியாவின் நீலம், ஆகவே தூய்மையின் அடையாளம் என்று சொல்கிறார்கள். வெர்மீர் கத்தோலிக்கக் குடும்பத்தில் பெண் எடுத்தவர் என்பதால் இதில் கொஞ்சம் நியாயம் இருப்பது போலவும் தோன்றும். எனக்கு இது ஒட்டவில்லை. அவர் இந்த நீலத்தை மாதாவுக்கென்று எடுத்து வைக்கவில்லை, பாலை ஊற்றும் வேலைக்காரியின் இடுப்புத் துணியிலும் அதே நீலம்தான், நாற்காலியிலும் மேஜை விரிப்பிலும் உண்டு, வெள்ளைச் சுவரின் நிழலுக்குள்ளேகூடக் கலந்திருக்கிறார். எல்லா இடத்திலும் இருக்கும் ஒன்றை இந்த ஒரு தலையில் மட்டும் தூய்மை என்று படிப்பது எப்படி? அவருக்கு நீலம் ஒரு சின்னமாக இருந்ததைவிட வெளிச்சமாக இருந்தது என்றுதான் எனக்குப் படுகிறது. வான்கோ 1888-இல் நண்பர் எமில் பெர்னாருக்கு எழுதிய கடிதம் ஒன்றில் வெர்மீரைப் பற்றிப் பேசும்போது நீலம், எலுமிச்சை மஞ்சள், முத்துச் சாம்பல், கறுப்பு, வெள்ளை என்று அவருடைய வண்ணத்தட்டையே பட்டியல் போடுகிறார். என்ன அர்த்தம் என்று அவர் கேட்கவே இல்லை, எது எதோடு சேர்கிறது என்பதில்தான் அவர் கண் இருந்தது. ஓவியன் ஓவியனைப் பார்க்கும் பார்வை அது.

நீலத்தின் விலை சொல்லும் விஷயம் வேறு. 43 வயதில், 1675-இல், வெர்மீர் கடனோடு செத்தார். பதினோரு பிள்ளைகள் உயிரோடு இருந்தார்கள். ரொட்டிக் கடைக்காரருக்கு 600 கில்டருக்கு (அன்றைய டச்சு நாணயம்) மேல் பாக்கி, அதற்கு ஈடாக மனைவி காதரீனா இரண்டு ஓவியங்களைக் கொடுத்தார். அப்படிப்பட்ட வீட்டில் இவ்வளவு அல்ட்ராமரைன் எங்கிருந்து வந்தது? ஊரில் பணக்காரத் தம்பதி ஒன்று, பீட்டர் வான் ரைவனும் மரியா டி நாய்ட்டும், அவருடைய படங்களைத் தொடர்ந்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். அந்த ஆதரவு இல்லாமல் இந்த நீலம் இல்லை. படத்திலுள்ள நீலத்தில் ஏதாவது படிக்கத்தான் வேண்டும் என்றால் நான் இதைத்தான் படிப்பேன்.

இப்போது, இவள் யார்? இந்தக் கேள்வி சின்னங்களைப் படிப்பதற்கு அடிப்படை. ஒரு பெண்ணின் உருவப்படம் என்றால் அவளுக்குப் பெயர் உண்டு, அவள் வீட்டார் காசு கொடுத்திருப்பார்கள், கையிலிருக்கும் பூவும் கழுத்திலிருக்கும் நகையும் அவளுடைய திருமணம், குடும்பம், அந்தஸ்து பற்றி ஏதோ சொல்ல அங்கே வைக்கப்பட்டிருக்கும். இந்தப் படம் அந்த வகையே இல்லை. டச்சுக்காரர்கள் இதை ட்ரோனி என்பார்கள். பழைய டச்சில் முகம் என்று அர்த்தம். வயசான சிப்பாய், சிரிக்கும் பையன், கிழக்கத்திய நாட்டு உடை போட்ட பெண் என்று ஒரு மாதிரி முகத்தை, ஒரு மாதிரி உடையை வரைந்து சந்தையில் விற்பார்கள், உட்கார்ந்தவர் யார் என்பது வாங்குகிறவருக்கு முக்கியமில்லை. தலைப்பாகையும் அப்படித்தான் வந்தது. 1660களில் வெர்மீரின் ஊரான டெல்ஃப்ட்டில் பெண்கள் யாரும் இப்படித் துணி சுற்றிக்கொண்டு தெருவில் போகவில்லை. அது துருக்கி பற்றிய ஐரோப்பியக் கற்பனை, தூர தேசத்து வாசனை. படத்தின் பெயரும் வெர்மீர் வைத்ததில்லை. தலைப்பாகை அணிந்த பெண், இளம்பெண்ணின் தலை என்றெல்லாம் முன்பு அழைத்தார்கள். முத்து பெயருக்குள் வந்தது பின்னால்தான், வந்ததும் எல்லோர் கண்ணும் காதுக்குப் போய்விட்டது.

அந்த முத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள். அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும் வசதி இருக்கிறது, காதுக்குக் கீழே கொண்டுபோய் நிறுத்துங்கள். உருண்டை என்று எதுவுமே இல்லை. மேலே இடது பக்கம் கெட்டியான வெள்ளையில் ஒரு சின்னத் தீற்றல், அது ஜன்னல் வெளிச்சம். கீழே வளைவாக ஒரு மங்கிய சாம்பல் வெள்ளை, அது அவளுடைய சட்டைக் காலரின் பிரதிபலிப்பு. நடுவில் இருப்பது கழுத்தின் நிழல்தான். முத்தின் ஓரக்கோட்டை அவர் போடவே இல்லை, நம் கண்தான் போட்டுக்கொள்கிறது. கொக்கியும் இல்லை. 2018 ஆய்வில் நுண்ணோக்கி வைத்துத் தேடியும் காதையும் முத்தையும் இணைக்கும் கம்பி எதுவும் அகப்படவில்லை. முத்து காதில் தொங்கவில்லை, காற்றில் நிற்கிறது. நான் இதைத் தெரிந்துகொண்ட அன்று ராத்திரி படத்தைப் பெரிதாக்குவதும் சிறிதாக்குவதுமாகவே கிடந்தேன், சிறிதாக்கினால் முத்து, பெரிதாக்கினால் இரண்டு தீற்றல்.

இன்னொன்று. 1994-இல் இந்தப் படத்தைச் சுத்தம் செய்தார்கள். அதுவரை முத்தின்மேல் இன்னொரு ஒளிப்புள்ளியும் இருந்தது. பார்த்தால், அது பழைய காலத்தில் எப்போதோ பெயர்ந்து, புரண்டு, அங்கே ஒட்டிக்கொண்ட பெயிண்ட் செதில்.

இந்த அளவு முத்து உண்மையில் கிடைப்பது அபூர்வத்திலும் அபூர்வம். கண்ணாடி மணியாக இருக்கலாம் என்கிறார்கள், மெருகேற்றிய வெள்ளீயம் என்று ஒரு டச்சு விஞ்ஞானி வாதித்தார், இல்லை, சின்ன முத்தை ஓவியர் ஊதிப் பெரிதாக்கினார் என்பவர்களும் உண்டு. எதுவாக இருந்தாலும் அந்தக் காலத்து டச்சு வீடுகளில் முத்து மோகம் உச்சத்தில் இருந்தது நிஜம், அந்த மோகத்தின் ஒரு நுனி நம் கடலில் இருக்கிறது. 1658-இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி தூத்துக்குடி, மன்னார், யாழ்ப்பாணம் மூன்றையும் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்தது, மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பு அதன் கைக்குப் போனது. அந்தக் கம்பெனிக்கு இருந்த ஆறு கிளைகளில் ஒன்று வெர்மீரின் ஊரான டெல்ஃப்ட்டில். படம் வரையப்பட்டது 1665 வாக்கில். பரதவர்கள் மூச்சடக்கி எடுத்த முத்து அந்த ஊர்க் கடைவீதிகளில் புழங்கியிருக்கும். இவள் காதிலிருப்பது அங்கிருந்து போனது என்று நான் சொல்ல வரவில்லை, முத்தா என்பதே சந்தேகமாக இருக்கும்போது அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் முத்து என்றதும் அந்த ஊர்க்காரர் மனதில் எழும் பணம், தூரம், கடல் எல்லாவற்றுக்கும் பின்னால் நம் ஆட்களும் இருந்தார்கள்.

முத்துக்கு அர்த்தம் என்ன? இங்கேதான் சின்னங்களின் தொல்லை. அந்தக் காலத்துச் சின்ன அகராதிகளில் முத்து கற்பு, முத்து தூய்மை. அதே காலத்தில் முத்து வீண் பகட்டு, உலக ஆசை. இரண்டும் சரிதான். பிரான்சிஸ் டி சேல்ஸ் என்ற கத்தோலிக்க ஆயர், பெண்கள் காதில் முத்து தொங்கவிடுவதைப் பற்றி எழுதும்போது, காதில் விழ வேண்டியது நல்ல சொல் மட்டுமே என்பதன் அடையாளம் அது என்று பொருள் சொல்கிறார். இதை வைத்து இந்தப் பெண் மணமாகப் போகிறவள் என்றே சிலர் முடிவு கட்டினார்கள். ஒரு ட்ரோனிக்கு எந்த மாப்பிள்ளை?

சின்னமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. வெர்மீர் சின்னம் வைக்க நினைத்தால் தெளிவாக வைப்பார். வாஷிங்டனில் இருக்கும் தராசு பிடித்த பெண் ஓவியத்தைப் பாருங்கள். மேஜையில் முத்துச் சரங்கள் கிடக்கின்றன, அவள் கையில் சின்னத் தராசு, தலைக்குப் பின்னால் சுவரில் இறுதித் தீர்ப்பு ஓவியம், கடவுள் ஆன்மாக்களை எடைபோடும் நாள். இதைவிட வெளிப்படையாக என்ன சொல்ல முடியும்? அவள் முத்தை நிறுக்கிறாள் அல்லது தங்கத்தை நிறுக்கிறாள் என்றுதான் ரொம்ப காலம் நினைத்தார்கள். நுண்ணோக்கியில் பார்த்தால் இரண்டு தட்டும் காலி. அங்கே முத்து உலகப் பொருள், அவள் அதை நிறுக்கவில்லை, ஒதுக்கி வைத்துவிட்டு வேறெதையோ சமன் பார்க்கிறாள். அந்தப் படத்தில் முத்துக்கு அர்த்தம் தருவது முத்து இல்லை, சுவரும் தராசும் மேஜையும் சேர்ந்துதான். நம் பெண்ணுக்குப் பின்னால் அப்படி எதுவும் இல்லை, ஒரு பச்சைத் திரை இருந்தது, அதுவும் போய்விட்டது.

உதட்டுச் சிவப்பையும் சொல்லிவிடுகிறேன். சாதிலிங்கமும், கோச்சினியல் என்ற பூச்சிச் சாயமும். இந்தப் பூச்சி மெக்சிகோ, தென் அமெரிக்கா பக்கத்துச் சப்பாத்திக்கள்ளியில் வளர்வது, காயவைத்துப் பொடித்தால் ரத்தச் சிவப்பு. (பிற்பாடு சென்னை சைதாப்பேட்டையில் இதே பூச்சிக்காகக் கள்ளித்தோட்டம் போட்டுப் பார்த்தார் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற ஆங்கிலேயக் கம்பெனி மருத்துவர்.) திறந்த வாய், ஈர உதடு என்றால் அந்தக் காலத்தில் சபலத்தின் அடையாளம் என்று படிப்பவர்கள் உண்டு. 1994-இல் சுத்தம் செய்தபோது அவள் வாயின் ஓரத்தில், பழைய பூச்சுக்கு அடியில், மிகச் சின்ன இளஞ்சிவப்பு ஒளிப்புள்ளி ஒன்று கிடைத்தது. அதைப் பார்த்தால் எனக்குச் சபலம் தோன்றவில்லை. பேச வாயெடுத்த ஒருத்தியின் வாயோரத்தில் இருக்கும் ஈரம், அவ்வளவுதான் தெரிகிறது.

முகத்தின் வெள்ளை ஈய வெள்ளை, இங்கிலாந்திலிருந்து வந்த ஈயத்தில் செய்தது. ஈயத் தகடுகளைக் காடிப் பானையில் வைத்து, சுற்றிலும் குதிரைச் சாணத்தைக் குவித்து, அந்தச் சூட்டில் வாரக்கணக்கில் விட்டால் மேலே வெள்ளையாகப் பூக்கும், அதைச் சுரண்டி எடுப்பார்கள். அந்த வெள்ளைதான் அவள் கன்னத்தில் வெளிச்சமாக நிற்கிறது. மூக்குத் தண்டுக்கும் கன்னத்துக்கும் நடுவில் கோடே கிடையாது, ஒரே நிறம் ஓடுகிறது, மூக்கு எங்கே முடிகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது.

இப்படிக் கோடு இல்லாதது, கண்ணில் இமைமயிர் இல்லாதது இரண்டையும் வைத்து இன்னொரு பிரபலமான விளக்கம் உண்டு. இவள் ரத்தமும் சதையுமான பெண்ணே இல்லை, ஒரு இலட்சிய உருவம், அதனால்தான் ஓவியர் இமைமயிர்கூடப் போடவில்லை என்று. 1881-இல் ஹேக் நகரத்து ஏலத்தில் 2 கில்டர் 30 சென்டுக்கு இவளை வாங்கிய டெஸ் டோம்ப் என்ற சேகரிப்பாளர் முதல், 1902-இல் அவர் இறந்து படம் அருங்காட்சியகத்துக்குப் போனபின் அங்கே வரிசையில் நின்று பார்த்த லட்சக்கணக்கானவர்கள் வரை யாருமே அந்தக் கண்களில் இமைமயிரைப் பார்த்ததில்லை. 2018-இல் ஸ்கேன் செய்தபோது தெரிந்தது. இரண்டு கண்ணிலும் போட்டிருக்கிறார், பழுப்பு நிறத்தில், மெல்லிசாக, ஒவ்வொன்றாக.